கவிழ்த்து வைத்த சீட்டு

ஜோக்கர் எங்கள் காலனிக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கேஸ் வண்டி போன பிறகு, தண்ணீர் லாரி வருவதற்கு முன்பு. சிலிண்டர் உருளும் சத்தம் ஓய்ந்து குடங்களின் சத்தம் தொடங்காத அந்தக் கால்மணி நேரத்தில், உப்பளங்களின் வெள்ளை வெயிலுக்குள்ளிருந்து நடந்து வந்து கேட்டின் முன்னால் நின்றான், யாரோ கை தவறிக் கீழே போட்டதைப் போல.

உண்மையிலேயே கை தவறித்தான் போட்டிருந்தார்கள். முந்தைய நாள் மதியம் சி-7 வீட்டு ஆவுடையம்மாள் தன் கைப்பேசியில் ரம்மி கற்றுக்கொண்டிருந்தபோது, பதின்மூன்று சீட்டில் ஒன்றாக வந்த ஜோக்கரை, கோமாளிப் படம்தானே, இதற்கு எண்ணும் இல்லை இனமும் இல்லை என்று கீழே போட்டாள். அடுத்த ஆட்டத்திலும் அது வந்தது, மறுபடி போட்டாள். மூன்றாம் ஆட்டத்திலும் போட்டாள். கீழே விழுந்த ஜோக்கரை அடுத்தவர் எடுக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம். யாரும் எடுக்காமல் மூன்று முறை கிடந்தது, பிறகு தானே எழுந்து நடந்து வந்துவிட்டது. காரணம் இவ்வளவுதான். இதற்கு மேல் காரணம் தேடியவர்கள் எங்கள் காலனியில் யாரும் இல்லை. வந்தவன் யாருடைய ஆள் என்றுதான் தேடினோம்.

எங்கள் காலனி தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஏ, பி, சி, டி என்று நான்கு வரிசையாக, வரிசைக்குப் பதின்மூன்று வீடாகக் கட்டப்பட்டது. ஐம்பத்திரண்டு வீட்டு ஜன்னல்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி யாரோ வரைபடம் போட்டிருந்ததால், குழம்பு கொதிக்கும்போதும் பார்த்தோம், துணி காயும்போதும் பார்த்தோம், பார்க்க எதுவும் இல்லாதபோது ஏன் எதுவும் இல்லை என்று பார்த்தோம். அப்படிப்பட்ட இடத்துக்கு ஐம்பத்து மூன்றாவதாக ஒருவன் வந்தால் விசாரிக்காமல் விடுவோமா? வாட்ச்மேன் சுடலை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விசாரித்தான்.

“பேரு?”

“கூப்பிடுறவங்க இஷ்டம்.”

“எந்த வீட்டுக்கு வே?”

“எங்க ஒரு ஆள் குறையுதோ அங்க.”

“அவங்களுக்கு நீரு என்ன வேணும்?”

வந்தவன் கொஞ்சம் யோசித்தான். “அவங்களுக்கு என்ன வேணுமோ அது.”

நோட்டில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. சுடலை அதில் ‘வேண்டியவர்’ என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டான்.

அன்று மாலையே ஏ-4 வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். மூன்று மகன்கள் இருந்தார்கள், நான்காமவன் துபாயில் இருந்தான், பாடைக்கு ஒரு தோள் குறைந்தது. ஜோக்கர் போய்த் தோள் கொடுத்தான். கொடுத்தபோது அவன் முகம் நான்காம் மகனின் முகமாக இருந்தது, அழுகையும் அவன் அழுகையாகவே இருந்தது, மூக்கை இடது கையால் துடைக்கும் பழக்கம் உட்பட. அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வேண்டும், பத்துப் பேர்தான் வந்திருந்தார்கள். ஜோக்கர் பதினொன்றாவது நாற்காலியில், எப்போதும் வராத டி-2 கணக்கு வாத்தியாராக உட்கார்ந்து, அவர் எழுப்பக்கூடிய ஆட்சேபணையையும் எழுப்பினான். குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் டெய்சி டீச்சரின் பாட்டுக் குழுவில் கனத்த ஆண்குரல் ஒன்று குறைந்தது, அதற்கும் போனான், ஞானஸ்நானம் பெற்றவனா என்று யாரும் கேட்கவில்லை.

பயன்படுத்திக்கொண்டோம். ஆனால் நம்பவில்லை. தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு எண்ணிப் பார்க்க அனுப்பப்பட்டவன் என்றார் ஒருவர். எவனோ கடன்காரனைப் பிடிக்க வந்த கம்பெனி ஆள் என்றார் இன்னொருவர். ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பார்த்தவர் ஒவ்வொருவருக்கும் அதில் அவரவர் வீட்டில் இல்லாத ஒருவரின் படம் தெரிந்தது, அதனால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். அவனைக் கூப்பிடுவதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அவன் எந்தப் படி ஏறுகிறான் என்று ஐம்பத்தோரு ஜன்னல்கள் பார்த்துக்கொண்டிருந்தன, எங்கே ஏறினானோ அங்கே என்ன இல்லை என்பது அன்று மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதைவிடவும் உறுத்திய விஷயம், வெள்ளிக்கிழமை தோறும் காலை ஒன்பதரைக்கு அவன் வெளியே போனான், மாலை நான்குக்குத் திரும்பி வந்தான், எங்கே போகிறான் என்று சுடலை கேட்டால், “அங்கயும் ஒரு ஆள் குறையுது” என்றான்.

ஆவுடையையும் நாங்கள் சந்தேகப்படத்தான் செய்தோம். ஐம்பத்து மூன்று வயதில், வைகாசியில் மகளுக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியில் சீட்டு விளையாடும் பொம்பிளையை எந்தக் காலனிதான் சும்மா விடும். தண்ணீர் பிடிக்கும்போது கழுத்தைப் பார்த்தார்கள், சங்கிலி இருந்தது. கையைப் பார்த்தார்கள், வளையல் இருந்தது. இருந்தாலும் கவரிங்காக இருக்குமோ என்று இன்னொரு முறை பார்த்தார்கள். அவள் சும்மா பழகிக்கொள்வதற்கென்று இருக்கும் மேசையில் மட்டும்தான் உட்கார்ந்தாள். அங்கே முகம் தெரியாத நான்கு பேர் எதிரே இருப்பார்கள், ஒரு பெண்குரல் செயற்கையான தமிழில், “உங்கள் சீட்டுகளை வரிசைப்படுத்துங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எதற்காகக் கற்றுக்கொள்கிறாள் என்று அவள் புருஷன் கந்தையாவுக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் ஒரு நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால், அவளுடைய அப்பாவின் பதினாறாம் நாள். சாப்பாடு முடிந்து, ஊருக்குப் போக ரயிலுக்கு நேரம் இருந்ததால், ஆண்கள் ஜமுக்காளத்தை விரித்து ரம்மி ஆடினார்கள். காபி தம்ளர்களோடு வந்த ஆவுடை அண்ணன் பிரமநாயகத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். எல்லோரும் சீட்டை மலர்த்திக் கீழே போட்டுக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டதைப் பார்த்தாள். அன்றைக்கே, அப்பாவின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் அலமாரியில் இல்லை என்று தெரிந்தது. அடுக்களையில் பெண்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆவுடையும் சொன்னாள்: “சீட்டயே கவுத்து ஒளிக்கிறவன், கடிகாரத்த ஒளிக்க மாட்டானா?” பேச்சு சுவரைத் தாண்டிப் போயிற்று. பிரமநாயகம் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆறுமுகநேரிக்குப் போனவர்தான், அதற்குப் பிறகு தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

“மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்க யக்கா,” என்றாள் ஆவுடை. “தாய்மாமன் மாலை போட்டு, கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாத்தான் பொண்ணு மணையில உக்காரணும்னு. நான் போய்க் கூப்பிடணும். கூப்பிடுறதுக்கு முன்னால, அன்னிக்கு நான் கண்டது களவா, ஆட்டமான்னு தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் படிக்கேன்.”

“உங்க வீட்டுக்காரரு ஆடுவாரே, அவருகிட்டக் கேட்டா என்ன?”

“அவரு எனக்காக ஒண்ணு சொல்லுவாரு, அண்ணனுக்காக ஒண்ணு சொல்லுவாரு. ஆட்டத்துக்கிட்டயே கேட்டுக்கிடுதேன்.”

அப்படி அவள் ஆட்டத்திடமே கேட்டுக்கொண்டு போனாள். வரிசையாக மூன்று சீட்டு சேர்ந்தால் ரம்மி என்று கற்றாள். ஜோக்கர் எந்தச் சீட்டு குறைகிறதோ அந்தச் சீட்டாக நிற்கும் என்று கற்றபோது, கேட்டுக்கு வெளியே இருந்து வந்தவன் யார் என்று காலனியிலேயே முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான், தெரிந்து வாயை மூடிக்கொண்டாள். கை சரியில்லை என்றால் ஆடாமலே ஸ்கூட் விட்டு விலகிக்கொள்ளலாம் என்று கற்ற அன்று, “எங்கண்ணன் பதினோரு வருசமா ஸ்கூட் விட்டுட்டு உக்காந்திருக்கான்” என்றாள். எல்லாவற்றிலும் கறாரான சட்டம் ஒன்று இருந்தது. ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். அதற்கு ஒரிஜினல் என்று பெயர். ஒரிஜினல் இல்லாத கையில் எத்தனை ஜோக்கர் இருந்தாலும், எத்தனை அழகாக அடுக்கியிருந்தாலும், அத்தனையும் குப்பை. இருபத்தோரு சீட்டு ஆட்டத்தில் மூன்று ஒரிஜினல் கேட்டார்கள். “பெரிய குடும்பம்லா, அதான்,” என்றாள் ஆவுடை.

சங்கச் செயலாளர் ரொசாரியோ சாருக்கு இந்தச் சட்டம் தெரியாது. அவருடைய வெள்ளி விழாக் கல்யாண நாளுக்கு மனைவி வரவில்லை, மகளின் பிரசவத்துக்கு என்று அமெரிக்கா போனவர் பிரசவம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியும் அங்கேயே இருந்தார், மகன்கள் வரவில்லை, உறவினர் யாரும் வரவில்லை. சார் ஜோக்கரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். நீல நிறப் பட்டும் மல்லிகைப் பூவுமாக மனைவியேதான் உட்கார்ந்திருந்தார், நாங்கள் எல்லோரும் பார்த்தோம், கேக் வாங்கித் தின்றோம். மூன்றாம் நாள் புகைப்படம் வந்தது. அதில் இரண்டு நாற்காலிகள் இருந்தன, நாற்காலிகளுக்கு மேலே, கழுத்து இருக்க வேண்டிய உயரத்தில், இரண்டு மாலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ரொசாரியோ சாரும் படத்தில் இல்லை. நாங்கள் புகைப்படக்காரனைத் திட்டினோம், ஆவுடை மட்டும் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஒரிஜினல் ஒண்ணுகூட இல்லாம டிக் அடிச்சிட்டாரு.”

ஆட்டத்தை முடிக்கிறேன் என்று அறிவிப்பதுதான் டிக் அடிப்பது. அதை எப்படிச் செய்வது என்று அவள் அதுவரை கற்றிருக்கவில்லை, ஏனென்றால் ஒரு ஆட்டத்தைக்கூட அவள் முடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்ததில்லை. சித்திரை பிறந்து பத்தாம் நாள் மதியம், ஹார்ட்டின் சீட்டில் நான்கு, ஐந்து, ஆறு என்று ஒரிஜினல் சேர்ந்து, மற்றவையும் சேர்ந்து, ஒரே ஒரு சீட்டு மிச்சம் நின்றது. பெண்குரல் சொல்லிற்று: “வாழ்த்துகள். கடைசிச் சீட்டைக் கவிழ்த்து வைக்கவும்.”

ஆவுடை வைக்கவில்லை. குரல் மறுபடி சொல்லிற்று. நேரம் குறைந்துகொண்டே வந்து, வட்டம் பச்சையிலிருந்து சிவப்பாகி, ஆட்டம் அவள் கையை விட்டுப் போயிற்று. அவள் கைப்பேசியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தவன் கடைசிச் சீட்டைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். அவ்வளவு காலமும் அவள் களவு என்று சொல்லிக்கொண்டிருந்தது அண்ணன் ஜெயித்த ஒரு ஆட்டத்தை.

“சீட்டு விசயத்துல அவன் சுத்தம் யக்கா,” என்றாள் என்னிடம். பிறகு, “கடிகாரம் எங்க போச்சுன்னு மட்டும் தெரியல,” என்றாள்.

அந்த வாரமே ஜோக்கர் சி-7இன் படி ஏறினான். கூப்பிட்டது கந்தையா. ஐம்பத்தோரு ஜன்னல்களும் பார்த்தன. உள்ளே வந்து உட்கார்ந்தது பிரமநாயகம்தான்: அதே காது மச்சம், அதே இருமல், பதினொரு வருடத்தில் எவ்வளவு நரைத்திருக்க வேண்டுமோ அவ்வளவு நரை. தாய்மாமனுக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுச் சட்டை அவனுக்கு அளவெடுத்தது போல இருந்தது. “ஆவுடை, பழசை எல்லாம் மறந்துட்டேம்மா” என்றான். ஆவுடை கத்திரிக்காய்ப் பொரியல் வைத்தாள், தின்றான்; இன்னும் கொஞ்சம் வைத்தாள், அதையும் தின்றான். அண்ணனுக்கு ஏழு வயதிலிருந்து கத்திரிக்காய் ஆகாது.

“பின்ன என்னட்டி, பாக்க அப்படியேதான இருக்கான்,” என்றார் கந்தையா, அவன் போன பிறகு. “அவரு வர மாட்டாரு. இவன் வந்து நிக்கான். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன தெரியப் போவுது?”

“இந்தாருங்க, எது கேட்டாலும் சரின்னு சொல்லுற ஆளு எங்க வீட்டுல பிறந்ததே இல்ல.”

மகள் தாரணி அவன் தின்ற தட்டை எடுத்தாள். “நிஜ மாமா வேணும்னு நான் கேக்கலம்மா,” என்றாள். “ஆனா அந்த ஆளு என் கையப் பிடிக்கக் கூடாது. பிடிச்சா நானும் படத்துல இருக்க மாட்டேன்.”

மறுநாள் வியாழக்கிழமை. ஆவுடை வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு, ஒரு டப்பா மக்ரூன் வாங்கிக்கொண்டு, ஆறுமுகநேரி பஸ்ஸில் ஏறினாள். போகும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை அடுக்கிப் பார்த்தாள், எப்படி அடுக்கினாலும் ஒரு சொல் குறைந்தது.

கதவைத் திறந்த பிரமநாயகம் ஆச்சரியப்படவில்லை. “என்னட்டி, இன்னிக்கு வியாழக்கிழமைல்லா? நாளைக்குத்தான வருவ?” என்றார். உள்ளே பார்த்து, “ஏ இவளே, தங்கச்சி வந்திருக்கா, சீனி தூக்கலா ஒரு காபி போடு” என்றார். ஆவுடைக்குச் சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம் ஆயிற்று. அலமாரியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் காலி மக்ரூன் டப்பாக்கள் ஏழு இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு வெள்ளிக்கிழமைகள் விளங்கின. ஏழு வெள்ளிக்கிழமையும் ஒரு ஆவுடை இங்கே வந்திருக்கிறாள். முதல் வெள்ளி காலில் விழுந்து அழுதாளாம். மூன்றாம் வெள்ளி அண்ணன் மனசு கரைந்ததாம். அதற்குப் பிறகு வந்தவள் மதினிக்குப் பூத் தொடுத்துக் கொடுத்தாளாம், அண்ணனின் கால் நகத்தை வெட்டிவிட்டாளாம், ஒரு எதிர்ச்சொல் பேசவில்லையாம். மதினி காபியை நீட்டிக்கொண்டு, “நீங்க இப்பத்தான் மனுசியா ஆனீங்க மதினி” என்றாள்.

ஆவுடை காபியை வாங்கிக்கொண்டு நின்றாள். தன்னைவிட நல்ல தங்கை ஒருத்தி வந்து, தான் கேட்க வேண்டிய மன்னிப்பைத் தன்னைவிட நன்றாகக் கேட்டு, வாங்கிக்கொண்டும் போய்விட்டாள். இனிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பத்திரிகையை வைத்துவிட்டுத் திரும்பினால், அண்ணன் கல்யாணத்துக்கு வருவார். வந்து, அந்த நல்லவளின் மகளைக் கைபிடித்து மணைக்குக் கூட்டிப் போவார். கையில் ஒரிஜினல் ஒன்றும் இருக்காது. அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, அன்னிக்கு நீ சீட்டக் கவுத்து வச்சது ஆட்டம்தான்னு இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். அது என் தப்பு. சொல்லிட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா அப்பா கடிகாரத்த நீதான எடுத்த?”

பிரமநாயகம் தங்கையை ஏற இறங்கப் பார்த்தார், முதல் முறையாகப் பார்ப்பவர் போல நெற்றியிலிருந்து கால்விரல் வரை பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, கண்ணில் நீர் வழிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏட்டி, இங்க பாரு, ஒரிஜினல் வந்திருக்கு!” என்றார் மனைவியிடம். “நானும் ஏழு வாரமாப் பாக்கேன், இவ ஏன் இன்னும் அதக் கேக்கலன்னு. என்னமோ சரியில்லன்னு எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.”

“கேட்டதுக்குப் பதிலச் சொல்லு.”

“எடுக்கலன்னு சொன்னா நம்புவியா?”

ஆவுடை யோசித்தாள். “மாட்டேன்.”

“பின்ன எதுக்குச் சொல்லணும்? கல்யாணத்துக்கு வாரேன், என் கையவே பாத்துக்கிட்டு நில்லு.” பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். “காபியக் குடி. எதுக்கு முழிக்க?”

“சீனி ஆகாது எனக்கு.”

“அதுவும் அவளுக்கு ஆச்சு,” என்றார் பிரமநாயகம்.

வைகாசி பன்னிரண்டாம் தேதி எங்கள் காலனியின் சமுதாயக் கூடத்தில் கல்யாணம். கேட்டில் சுடலை நோட்டை நீட்டினான், கல்யாணத்துக்கு வருகிறவர்களிடமும் கையெழுத்து வாங்குவது என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது.

“பொண்ணுக்கு நீங்க என்ன வேணும் அண்ணாச்சி?”

“தாய்மாமன்.”

“பொண்ணோட அம்மாவுக்கு?”

“வேண்டாதவன்னு எழுதிக்கோ,” என்று சொல்லிவிட்டு, மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். சுடலை எழுதினான். அந்த நோட்டில் அப்படி ஒரு பதிவு அதுதான் முதல்.

நாங்கள் நம்பிவிடவில்லை. இவரும் ஜோக்கராக இருந்தால்? ஏ-4காரர்கள் கூடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்து வந்தார்கள். பந்திக்கு இலை போட வேண்டிய ஒருவன் வராததால், ஜோக்கர் அங்கே அவனாக நின்று இலை போட்டுக்கொண்டிருந்தான். ஒரே நேரத்தில் இருவரையும் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் டெய்சி டீச்சர் என் காதில், “பிரமநாயகம் சட்டையப் பாத்தீங்களா?” என்றார்.

பார்த்திருந்தோம். கத்திரி வெயிலில், மின்விசிறிகள் சூட்டையே சுற்றி வீசிய அந்தக் கூடத்தில், ஆண்கள் எல்லோரும் கையை மடித்து விட்டிருக்க, அவர் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, இரண்டு மணிக்கட்டுக்கும் பொத்தான் மாட்டியிருந்தார். ஆவுடை மணையின் ஓரத்தில் நின்றாள். அண்ணன் தாரணிக்கு மாலை போட்டபோது பட்டுச் சட்டையின் கை ஒரு விரற்கடை மேலே ஏறிற்று, அவள் கழுத்தை நீட்டினாள், துணி இறங்கிவிட்டது. அவர் அதைக் கவனித்தார். கவனித்தார் என்பது அவர் மீசைக்குக் கீழே தெரிந்தது.

பிறகு அவர் தாரணியின் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வந்தார், உட்கார வைத்தார், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் தன் வலது கையை நீட்டி, மருமகளின் தலைமேல், மெதுவாக, அழுத்தி, கவிழ்த்து வைத்தார்.